மூன்றே முக்கால் அங்குலம்: ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்குச் சக்கரம் பொருத்திய பாடு

இப்போது வண்டி எண்பதில் போகும்போது ஸ்டியரிங் நடுங்குவதில்லை, கடைசி வரை ஒடித்தாலும் முன் டயர் எங்கும் உரசுவதில்லை. அளவெல்லாம் மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன். ஹெரால்டு வைத்துக்கொண்டு இதே பாடு படுகிறவர்கள் இன்னும் சிலராவது இருப்பார்கள்.

வண்டி 1966 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, இரண்டு கதவு, 948 சிசி. இங்கிலாந்தின் டிரையம்ஃப் ஹெரால்டுதான், சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் தயாரித்தது. என் கைக்கு வரும்போதே 'மாடிஃபைடு' வண்டி. பின் பட்டாவை (இலை ஸ்பிரிங்) அடித்துத் தாழ்த்தியிருந்தார்கள், பக்கெட் சீட் போட்டிருந்தார்கள், அதோடு 13 அங்குல அலாய் வீல்: 5.5 ஜே, அதாவது ஐந்தரை அங்குல அகலம், ஈ.டி. 25 (ஹப் எனும் சக்கரக் குடத்தில் ஒட்டும் முகம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து 25 மி.மீ. வெளிப்பக்கம் தள்ளி), அதில் 175/60 டயர். நிற்கும்போது அழகுதான், பொய் சொல்லக் கூடாது. ஓட்டினால் ஐம்பத்தைந்தைத் தாண்டியதும் ஸ்டியரிங் கையில் உதறும், வேகத்தடை ஏறி இறங்கினால் பின்னால் 'கரக்' என்று ஒரு சத்தம், வலப்பக்கம் முழுதாக ஒடித்தால் டயர் உள்ளே எதையோ தேய்க்கும். எல்லாவற்றுக்கும் மேலாக வீல் நட் தானாகத் தளர்ந்துகொண்டே இருந்தது. முதல் மூன்றையும் பொறுத்துக்கொண்டு ஓட்டலாம், நாலாவதை முடியாது.

சக்கரத்தைக் கழற்றியதும் பாதி விஷயம் தெரிந்துவிட்டது. அலாயின் போல்ட் துளைகள் வட்டமாக இல்லை. ஹப் மையத்தைப் பார்த்த பக்கம் அரம் போட்டு இழுத்து முட்டை வடிவத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள், அரத்தின் பல் தடம் விரலில் தட்டியது. நட்டின் கூம்பு உட்காரவேண்டிய சரிவில் ஒரு பிறை அளவு இடம் மட்டும் கண்ணாடி மாதிரி பளபளத்தது, மற்ற இடமெல்லாம் கரும்பொடி. அதாவது நட் முழுதாக உட்காரவே இல்லை, ஒரு ஓரத்தில் மட்டும் அழுந்தி அங்கேயே அரைபட்டுக்கொண்டிருந்தது.

காரணம் எளிது. ஹெரால்டின் ஹப்பில் நான்கு ஸ்டட் (நட் ஏறும் மரைக் கம்பி) நிற்கும் வட்டத்தின் விட்டம், பட்டறையில் பி.சி.டி. என்பது, மூன்றே முக்கால் அங்குலம், அதாவது 95.25 மி.மீ. அளப்பது சுலபம்: எதிரெதிரே இருக்கும் இரண்டு ஸ்டட்டில் ஒன்றின் வெளி ஓரத்திலிருந்து மற்றதன் உள் ஓரம் வரை வெர்னியர் வைத்தால் அதுதான் பி.சி.டி. அந்த அலாய் 100 மி.மீ. வட்டத்துக்குச் செய்தது. வித்தியாசம் 4.75, ஒவ்வொரு ஸ்டட்டிலும் 2.4 மி.மீ. போல. 'அரம் போட்டால் ஏறிடும்' என்று யாருக்கும் தோன்றக்கூடிய தூரம், அதுதான் ஆபத்து. பத்து மி.மீ. வித்தியாசம் என்றால் யாரும் அரத்தை எடுத்திருக்க மாட்டார்கள்.

இன்றைய கார்களில் ஹப்பின் நடுவே நிற்கும் வளையத்தில் சக்கரத்தின் நடுத்துளை கச்சிதமாக உட்காரும், சக்கரத்தை மையத்தில் பிடித்து வைப்பது பெரும்பாலும் அந்த வளையம்தான், நட் இறுக்க மட்டும். ஹெரால்டில் அப்படி இல்லை. இதன் நடுத்துளை கிரீஸ் மூடி வெளியே வருவதற்கான வழி, அவ்வளவுதான். சக்கரத்தை மையத்தில் நிறுத்துவது நான்கு நட்டின் கூம்பு மட்டுமே. துளை முட்டையானால் மையம் என்று ஒன்று கிடையாது, ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டும்போதும் சக்கரம் புது இடத்தில் உட்காரும். எத்தனை கடையில் பேலன்ஸ் செய்தாலும் உதறல் போகாததற்கு இதுதான் காரணம்.

நட்டும் கலப்படம். ஸ்டட் 3/8 அங்குல யு.என்.எஃப். (அங்குலக் கணக்கு நுண்மரை), அங்குலத்துக்கு 24 மரை. ஒரு சக்கரத்தில் மட்டும் ஒரு நட் கையால் ஆட்டினாலே ஆடியது. பார்த்தால் எம்10 (மெட்ரிக் 10 மி.மீ. நட்), ஒரு மி.மீ. மரை. 3/8 என்பது 9.5 மி.மீ., மரைத் தூரமும் கிட்டத்தட்ட அதே என்பதால் எம்10 நட் ஏறும், இறுகுவது போலவும் காட்டும், ஆனால் மரையின் நுனி மட்டும்தான் பிடித்திருக்கும். அந்த ஸ்டட்டின் மரை தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. அன்றே வண்டியைக் கல் வைத்து நிறுத்திவிட்டேன்.

முதலில் அடாப்டர் யோசனை. 95.25க்கு ஒரு பக்கம், 100க்கு மறுபக்கம் என்று அலுமினியத் தட்டு கடைந்து இடையில் வைப்பது. அம்பத்தூரில் ஒரு லேத் பட்டறை எனக்குப் பழக்கம், அங்கே போய்க் காகிதத்தில் வரைந்து காட்டினேன். பட்டறைக்காரர் பென்சிலை வாங்கி இரண்டு வட்டத்தையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டுவிட்டு, "சார், ரெண்டு ஓட்டையும் ஒண்ணுமேல ஒண்ணு விழுது, நாப்பத்தஞ்சு டிகிரி திருப்பி நடுவுலதான் போடணும்" என்றார். சரிதான், 2.4 மி.மீ. தள்ளி இன்னொரு துளை போட முடியாது. பழைய ஸ்டட்டின் நட் தட்டுக்குள்ளேயே அமுங்க வேண்டும், புது ஸ்டட் அதே தட்டில் பிடிமானம் கொள்ள வேண்டும், அதற்கு 25 மி.மீ. கனமாவது வேண்டும் என்று கணக்கு வந்தது.

அந்த 25 தான் திட்டத்தைக் கவிழ்த்தது. அலுமினியத்துக்குப் பணம் கொடுக்கும் முன் 25 மி.மீ. பிளைவுட்டில் ஒரு வட்டம் அறுத்து ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே வைத்துப் பார்த்தேன் (வண்டி ஜாக்கியில், ஓட்டுவதற்கில்லை). முன் டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றது. காகிதத்திலும் அதுதான் வருகிறது. ஹெரால்டின் பழைய இரும்பு ரிம் 3.5 ஜே. அதைக் கவிழ்த்து வைத்து விளிம்பின்மேல் ஸ்கேல் போட்டு ஹப்பில் ஒட்டும் முகம் வரை அளந்தால் 77 மி.மீ. உள்ளே, மீதி 37 மி.மீ. வெளியே. அலாயை நேராக மாட்டினால் 107 உள்ளே, 58 வெளியே. அடாப்டரோடு மாட்டினால் உள்ளே 82, வெளியே 83. பழையதைவிட 46 மி.மீ. வெளியே தள்ளி நிற்கும். வேறு கார் என்றால் மட்கார்டை அகலப்படுத்தலாம், ஹெரால்டில் முன் மட்கார்டு இரண்டும் பானெட்டோடு ஒரே துண்டாகத் தூக்கித் திறப்பவை. அந்த பானெட்டை வெட்ட எனக்கு மனசு வரவில்லை.

அதோடு இந்த வண்டியின் முன் சக்கரத்தைக் கீழே தாங்குவது டிரன்னியன் என்ற பித்தளைக் கட்டி. ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் கீழ்முனை அதற்குள் மரையில் சுழல்கிறது. டயரை எவ்வளவு வெளியே தள்ளுகிறோமோ அவ்வளவுக்கு அந்த மரையில் நெம்பல் ஏறும். தண்ணீர் புகுந்து அரித்துக் கிடக்கும் மரை ஒரு நாள் முறிந்தால் சக்கரம் மடங்கிவிடும், ஹெரால்டுக்காரர்கள் எல்லாருக்கும் தெரிந்த பயம் இது. அதில் ஊற்றவேண்டியது கிரீஸ் இல்லை, ஈ.பி. 90 கியர் ஆயில். என் வண்டியில் கிரீஸ் காய்ந்து சாந்து போல ஆகியிருந்தது. சுத்தம் செய்து சீல் மாற்றி ஆயில் விட்டதில் ஸ்டியரிங் பாதி இலகுவானது, அது தனிக் கதை.

ஹப்பையே துளைத்து 100 ஆக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். முன் ஹப்பில் ஸ்டட்டுக்கு வெளியே மிச்சம் இருக்கும் இரும்பைப் பார்த்ததும் அந்தப் பேச்சை விட்டேன்.

கடைசியில் வந்து சேர்ந்தது இரும்பு ரிம்முக்கே. ஹெரால்டின் நடு டிஸ்க், அதன் கூம்புத் துளைகள், மையம் எல்லாம் தொழிற்சாலையில் செய்த சரியான அளவு. மாற்றவேண்டியது அதைச் சுற்றியுள்ள வளையம் மட்டும். சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் மாருதிக்குச் செய்த 13 அங்குல 4.5 ஜே இரும்பு ரிம் குவியலாகக் கிடக்கிறது. நெளிவு இல்லாத நான்கைப் பொறுக்குவதற்குத்தான் நேரம் பிடித்தது. தரையில் உருட்டிப் பார்த்து வாங்க முடியாது, ஒரு பழைய ஹப்பைக் கையோடு கொண்டுபோய் அதில் சுழற்றிப் பார்க்கலாம் என்றால் இந்த ரிம்களின் பி.சி.டி. 114.3, என் ஹப்பில் ஏறாது. விளிம்பில் ஸ்கேலைச் சாய்த்து வைத்துக் கண்ணால் பார்த்துத்தான் எடுத்தேன். அதில் ஒன்று பட்டறையில் நிராகரிக்கப்பட்டு மறுபடி போய் மாற்றி வந்தேன். இந்த ரிம்களில் இன்னொரு லாபம், டயர் உட்காரும் இடத்துக்கு உட்பக்கம் ஒரு மேடு இருக்கிறது, டியூப்லெஸ் போடலாம். பழைய ஹெரால்டு வளையத்தில் அது கிடையாது.

எவ்வளவு உள்ளே, எவ்வளவு வெளியே என்று தீர்மானிப்பதில்தான் அதிகம் மெனக்கெட்டேன். 3.5 ஜேயிலிருந்து 4.5 ஜே என்றால் ஓர் அங்குலம் கூடுகிறது, 25.4 மி.மீ. அதை எப்படிப் பங்கு பிரிப்பது? முன்பக்கம் ஷாக் அப்சார்பரையும் அதைச் சுற்றிய சுருள் ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டு, பழைய சக்கரத்தை மாட்டி, கீழே ஜாக்கி வைத்து ஏற்றி இறக்கினேன். ஸ்பிரிங் இல்லாததால் சக்கரம் மேலும் கீழும் முழு தூரமும் போகும். ஒவ்வொரு உயரத்திலும் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்து, டயருக்கும் ஸ்டெபிலைசர் கம்பிக்கும் (வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் குறுக்குக் கம்பி) நடுவே உள்ள இடைவெளியை வெர்னியரின் வால் விட்டு அளந்தேன். பானெட்டைத் தூக்கிவிட்டால் டயர்மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம், அவ்வளவு சுகம். ஆனால் மட்கார்டும் அதோடு மேலே போய்விடுகிறது! அதற்கு மட்கார்டு மடிப்பின் உட்பக்கம் களிமண் உருண்டை ஒட்டி, பானெட்டை மூடி, சக்கரத்தை ஏற்றி இறக்கி, திறந்து பார்த்து எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்று அளந்தேன்.

பின்பக்கம் இந்த அளவையே நம்ப முடியாது, அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஹெரால்டின் பின் அச்சு ஒரே கம்பி இல்லை. நடுவில் டிஃபரென்ஷியல் சேசியில் பிடிபட்டிருக்கும், இரண்டு பக்கமும் அச்சு தனித்தனியாக ஊசலாடும், மேலே குறுக்கே ஒரே பட்டா. சக்கரம் கீழே தொங்கினால் அதன் தலை வெளிப்பக்கம் சாயும், மேலே ஏறினால் தலை உட்பக்கம் சாயும். ஜாக்கியில் ஏற்றி இறக்கியதும் டயர் தரையைக் கவ்விக்கொண்டு பழைய சாய்விலேயே நிற்கும், வண்டியைக் கொஞ்ச தூரம் முன்னும் பின்னும் உருட்டினால்தான் தன் இடத்துக்கு வரும். ஜாக்கியை எடுத்த கையோடு அளந்ததற்கும் தெருக்கோடி வரை தள்ளிக்கொண்டு போய் வந்து அளந்ததற்கும் மட்கார்டு இடைவெளியில் ஒரு விரற்கடை வித்தியாசம் இருந்தது. வேகத்தடையில் கேட்ட 'கரக்' சத்தமும் இதுதான்: வண்டி துள்ளும்போது சக்கரம் தொங்கி, தலை வெளியே சாய்ந்து, திரும்ப மேலே வரும்போது டயரின் தோள் மட்கார்டு மடிப்பில் இடித்துக்கொண்டு ஏறுகிறது.

கடைசிப் பங்கு: உள்ளே 11, வெளியே 14 மி.மீ. ஆக உள் அளவு 88, கணக்குக்கு ஈ.டி. 18.

பட்டறையில் பழைய வளையத்தின் வெல்டை லேத்தில் கடைந்து டிஸ்க்கைப் பிரித்தார்கள். டிஸ்க்கின் விளிம்பு புது வளையத்தின் உட்குழிவைவிட ஒரு துளி பெரிது, விட்டத்தில் ஒரு மி.மீ.க்கும் குறைவாகக் கடைந்தால் அடித்து இறக்கும்படி இறுக்கமாக வந்தது. பெரிய இடைவெளி இருந்திருந்தால் இந்த வேலையை விட்டிருப்பேன், இடைவெளியை வெல்டால் நிரப்புவது சக்கரத்தில் செய்யக்கூடிய காரியம் இல்லை. என் பிடிவாதம் ஒன்றுதான்: டிஸ்க்கை நடுத்துளையை வைத்து லேத்தில் பிடிக்கக் கூடாது, நான்கு ஸ்டட் துளையில் கூம்பு போட்டு ஒரு தட்டில் இறுக்கித்தான் பிடிக்க வேண்டும். பட்டறைக்காரர் கொஞ்சம் முணுமுணுத்தார், தட்டு செய்யத் தனிக்காசு என்றார், செய்தார். வளையத்தை இறக்கி, டயல் கேஜ் வைத்துச் சுற்றி, மரச்சுத்தியால் தட்டித் தட்டி அட்டத்திலும் உயரத்திலும் ஆட்டத்தை அரை மி.மீ.க்குள் கொண்டுவந்த பிறகு எதிரெதிரே நான்கு இடத்தில் பொட்டு வெல்டு, மறுபடி கேஜ், அப்புறம் துண்டு துண்டாக எதிரெதிர்ப் பக்கம் மாற்றி மாற்றி முழு வெல்டு. ஆறிய பிறகு மூன்று சக்கரம் முக்கால் மி.மீ.க்குள் நின்றது. நாலாவது ஒன்றரைக்குப் போய்விட்டது, அதன் வெல்டை முழுக்கக் கடைந்து எடுத்து மறுபடி செய்ய வேண்டியதாயிற்று.

டயருக்கு இரண்டு அளவு மனதில் இருந்தது. 155/80 ஆர்13 போட்டால் வெளி விட்டம் 578 மி.மீ., பழைய 5.20-13 கிராஸ் பிளை டயரின் உயரத்துக்குப் பக்கத்தில் வரும், பார்க்கவும் மட்கார்டு நிறைந்து இருக்கும். நண்பரின் ஐ10-இல் கழற்றிய ஒரு பழைய 155/80 டயரை முன்னால் மாட்டி ஒடித்துப் பார்த்தேன், கடைசிக்குக் கொஞ்சம் முன்னாலேயே ஸ்டெபிலைசர் கம்பியைத் தொட்டது. லாக் ஸ்டாப்பில் வாஷர் வைத்து ஸ்டியரிங் அவ்வளவு ஒடியாதபடி செய்துவிடலாம், எல்லாரும் செய்வது அதுதான். ஆனால் ஹெரால்டு 25 அடி வட்டத்துக்குள் திரும்பும் கார், எங்கள் தெருவில் ஆட்டோவே திணறும் இடத்தில் ஒரே மூச்சில் திரும்பிவிடும். அதைக் குறைத்துவிட்டு இந்த வண்டியை வைத்திருப்பதற்கு என்ன அர்த்தம்? எனவே 145/80 ஆர்13, வேகன் ஆர் டயர், எந்தக் கடையிலும் கிடைக்கும். விட்டம் 562. அலாயில் இருந்த 175/60 இன் விட்டம் 540 என்பதால் வண்டி 11 மி.மீ. உயர்ந்தது, ஸ்பீடோமீட்டரும் முன்பு போல மிகைப்படுத்துவதில்லை.

மாட்டினேன், ஓட்டினேன், அறுபத்தைந்தில் மறுபடி நடுக்கம். பழைய உதறல் இல்லை, மெல்லிய ரீங்காரம். ஆனாலும் இத்தனைக்கும் பிறகு அது எரிச்சல்தான். பேலன்சிங் கடையில் எல்லாச் சக்கரமும் பூஜ்யம் காட்டியதே என்று அங்கேயே திரும்பப் போய் நின்று பார்த்தேன். இயந்திரத்தின் தண்டில் சக்கரத்தைக் கோர்த்து, நடுத்துளையில் கூம்பை விட்டு இறுக்குகிறார்கள். வண்டியில் என் சக்கரம் நட்டை மையமாக வைத்துச் சுற்றுகிறது, இங்கே நடுத்துளையை மையமாக வைத்துச் சுற்றுகிறது, இரண்டு மையமும் ஒன்று இல்லை. அலாயில் எனக்குக் கோபமூட்டிய அதே விஷயம் வேறு வாசல் வழியாக வந்து நிற்கிறது. லேத்தில் டிஸ்க்கைப் பிடிக்கச் செய்த தட்டு அம்பத்தூரில் கிடந்தது. அதன் நடுவில் பேலன்சிங் தண்டு கச்சிதமாக நுழையும்படி ஒரு துளை கடைந்து, கடைக்குக் கொண்டுபோய், சக்கரத்தைத் தட்டோடு நான்கு கூம்பு நட்டால் இறுக்கிப் போடச் சொன்னேன். சற்றுமுன் பூஜ்யம் காட்டிய சக்கரம் இப்போது ஒரு பக்கம் 35 கிராம் கேட்டது. கடைப் பையன் இயந்திரம் கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தான். அதன்படி ஈயம் ஒட்டியதும் நடுக்கம் போனது.

நட் இறுக்குவதற்கு இப்போது டார்க் ரெஞ்ச் மட்டும்தான், 55 நியூட்டன் மீட்டர். பஞ்சர் கடையில் காற்றுத் துப்பாக்கியை நீட்டினால் கையைப் பிடித்துவிடுகிறேன். இன்றைய கார்களின் 12 மி.மீ. ஸ்டட்டுக்கு வைத்த வேகத்தில் 9.5 மி.மீ. ஸ்டட்டை இறுக்கினால் அது இழுபட்டுவிடும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது.

செலவு: ரிம் நான்கு 2,400 ரூபாய், கடைசலும் வெல்டிங்கும் 6,000, தட்டு 1,800, பவுடர் கோட்டிங் 2,400, இங்கிலாந்திலிருந்து உறவினர் கொண்டுவந்த 3/8 கூம்பு நட்டும் நான்கு புது ஸ்டட்டும் 2,000 சொச்சம், டயர் நான்கு 13,200. பின் பட்டாவைப் பட்டாக் கடையில் கொடுத்துத் திரும்ப வளைவு ஏற்றியது 2,800. ஏறக்குறைய 30,600. அலாய்களை ஆன்லைனில் போட்டால் ஆள் வரும் என்று சொன்னார்கள், அந்த முட்டைத் துளையோடு இன்னொருவர் வண்டியில் அது ஏறவேண்டாம் என்று இரண்டாக அறுக்கச் சொல்லி எடைக்குப் போட்டேன். ஸ்டெப்னி பழைய 3.5 ஜே ரிம்மிலேயே 145 டயரோடு இருக்கிறது, விட்டமும் ஒன்று, நட்டும் ஒன்று, அவசரத்துக்கு அப்படியே மாட்டலாம். அலாய் இருந்தபோது ஸ்டெப்னிக்கென்று வேறு நட்டை டிக்கியில் தூக்கிக்கொண்டு திரிய வேண்டியிருந்தது.

மறுபடி செய்வதானால் ஒன்றை மாற்றுவேன். டிஸ்க்கை ஸ்டட் துளையில் பிடித்து லேத்தில் ஏற்றியிருக்கும் அதே சமயத்தில் நடுத்துளையையும் ஒரு நூல் கடைந்துவிட்டால் இரண்டு மையமும் ஒன்றாகிவிடும், அப்புறம் எந்தக் கடையில் எந்தக் கூம்பு போட்டாலும் பேலன்ஸ் சரியாக வரும், இந்தத் தட்டைச் சுமந்துகொண்டு போகவேண்டாம். வெல்டு முடிந்த பிறகும் இதைச் செய்யலாம், அடுத்த தடவை டயர் கழற்றும்போது செய்துகொள்கிறேன். பின்னால் மூன்று பேர் ஏறினால் இடது டயர் மட்டும் இன்னும் லேசாகத் தொடுகிறது. அந்த மடிப்பை உள்ளே மடக்க வேண்டும், பெயின்ட் உதிராமல் மடக்கத் தெரிந்த டிங்கர் ஒருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.